தெர்மாகோல் பனியன்

அந்தப் பரிசல்காரர் பேரு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து முதலிபாளையத்துல டைலரா இருந்தாரு. ஞாயித்துக்கெழமை ஆனா குளத்துல பரிசல் போட்டு மீன் புடிப்பாரு.

ஆளு ஒல்லி. ஆனா பரிசல்ல பாத்தா பீப்பாய் மாதிரி இருப்பாரு. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியன் ரெண்டை ஒண்ணாத் தெச்சு, நடுவுல தெர்மாகோல் திணிச்சு மாட்டியிருப்பாரு. கரையில நின்னு நானும் கூட்டாளிகளும் சிரிப்போம்.

ஒருநாள் கேட்டுட்டேன். "ஏனுங்க, குளத்தையே நீந்திக் கடக்கற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்குங்க இது?"

"நீச்சல் எனக்குத்தானே தெரியும் அண்ணாச்சி? பரிசல் கவுந்து, மண்டையில அடிபட்டு நான் மயங்கிட்டா அப்ப யாரு நீந்துவா? சிரிச்சுக்கிடுங்க, கழட்ட மாட்டேன்."

தண்ணியில விழுந்தா கல்லு மாதிரி போறவன் நான். ஆனாலும் ஆசை, என்னையும் ஏத்திக்கச் சொன்னேன். அதே மாதிரி இன்னொரு பனியன் குடுத்தாரு. என் வயித்தைச் சுத்தி நாடா எட்டல. மூச்சை இழுத்துப் புடிச்சும் எட்டல.

"அப்ப ஏறாதீங்க."

"நான் பனியன் கம்பெனி ஓனருங்க!"

"பெறவென்ன? உங்க அளவுக்கு ஒண்ணு தெச்சுட்டு வாங்க"ன்னுட்டுத் துடுப்பைப் போட்டுக் கெளம்பிட்டாரு.

கூட்டாளிக சிரிச்ச சிரிப்பு அக்கரைக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் கம்பெனியில என் அளவுக்குத் தெச்சு தெர்மாகோல் திணிச்ச பனியனை மாட்டிக்கிட்டு நின்னேன். கட்டிங் மாஸ்டர் வாயைப் பொத்திக்கிட்டு, "இது எந்த நாட்டு ஆர்டருங்க மொதலாளி?"ன்னாரு.

"சிரிச்சுக்குங்க, கழட்ட மாட்டேன்"னேன்.