அமுதவல்லியின் குழம்பில் உப்பு

மரக்காணம் உப்பளத்தில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிக்க, பெண்கள் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவார்கள். வெயில் ஏறியதும் தகரக் கொட்டகையில் சாப்பாடு. அமுதவல்லி, சிவசங்கரி, தெய்வநாயகி மூவரும் ஒரே தெரு, ஒரே செட்டு. யார் வீட்டுக் குழம்பானாலும் மூன்று பேர் கையும் அந்தத் தூக்குச்சட்டிக்குள் போகும். கொரோனா வந்த பிறகும் அது நிற்கவில்லை. "வாய்க்கு மாஸ்க் சரி, குழம்புக்கு ஏதுடி மாஸ்க்?" என்பாள் சிவசங்கரி.

இரண்டாயிரத்து இருபது, ஆனி மாதம். அமுதவல்லியின் மீன்குழம்பை வாயில் வைத்த சிவசங்கரி அப்படியே துப்பினாள்.

"அடியே, அளத்தையே கரைச்சி ஊத்திட்டியா?"

"புருஷன் மேல கோவம்னா அவன் தட்டுல போடு. எங்களை ஏன் கொல்ற?" என்று தெய்வநாயகியும் சேர்ந்துகொண்டாள்.

அமுதவல்லி குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. கூடையிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்துக் கடித்தாள். ஜல்லியைக் கடித்த மாதிரி இருந்தது. ருசி தெரியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. துண்டால் முகத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

"கோச்சிக்கிட்டா பாரு" என்று இருவரும் சிரித்தார்கள்.

ஆரோவில்லில் கொத்து வேலை பார்க்கும் அவள் கணவன் தட்சணாமூர்த்தி, விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினான்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. உள்ளயே கிட. உன் உடம்பு, நீ பார்த்துக்க. வெளிய சொன்னா தெருவையே தகரம் வெச்சி அடைப்பாங்க. வார வேண்டிய உப்பு பூரா பாத்தியில கிடக்குது. மேக்கால மழை இருட்டுது."

அவன் சொன்னதில் பிசகு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்கும் அதிகாரிகளை அவளுக்கும் பிடிக்காது. ஆனால் தெய்வநாயகியின் மாமனாருக்கு இளைப்பு.

"நான் உள்ள கிடக்கலாம்யா. அவங்க தின்னதை எப்படி உள்ள வெக்கிறது?"

ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கு அவளே போன் செய்தாள். பரிசோதனையில் தொற்று உறுதியானது. தன் வீட்டை மட்டும் அடைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வேனில் ஏறும்போது தெரு முனையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கதவுல அடிங்க சார். தெருவுக்கே ஏன்?"

"ரூல்ஸ்மா" என்றார் சுத்தியல் வைத்திருந்தவர்.

தகரத்துக்குப் பின்னாலிருந்து தெய்வநாயகியின் குரல் வந்தது: "உன் நாக்கு செத்தா எங்க கையை ஏண்டி கட்டுற?"

அந்த வாரமே மழை கொட்டியது. வாராமல் கிடந்த உப்பெல்லாம் தண்ணீராய்ப் போனது, தெருவின் கூலியும் அதோடு போனது. தெருவில் வேறு யாருக்கும் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. நல்ல செய்திதான், ஆனால் அமுதவல்லிக்கு அதுவே வினையாகப் போனது.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. எதுக்குடி எங்களை அடைச்சாங்க?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளிடம் கேட்டாள் சிவசங்கரி.

அடைத்ததால் ஒன்றும் ஆகவில்லையா, அடைக்காவிட்டாலும் ஆகியிருக்காதா? அமுதவல்லிக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் வரவில்லை. மறுபடி இப்படி வந்தால் என்ன செய்வாய் என்று கணவன் கேட்டபோது, "சொல்லுவேன். தகரம் அடிச்சா சண்டையும் போடுவேன்" என்றாள்.

செட்டு மாறவில்லை. சாப்பாடு மட்டும் மாறிப்போனது. அவர்கள் கொட்டகையில், இவள் வரப்பில். ருசி எப்போதோ திரும்பிவிட்டது. ஆனாலும் நாக்கை நம்பாமல் உப்பைக் குறைத்தே போட்டாள். அடுத்தடுத்து இரண்டு சீசன் அப்படியே போனது.

மூன்றாவது சீசனில் ஒரு நாள் தெய்வநாயகி வரப்புக்கு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அமுதவல்லியின் தூக்கில் கையை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"சப்புன்னு இருக்குது."

பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துக் குழம்பில் போட்டுக் கலக்கினாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏய் சிவசங்கரி, தூக்கை எடுத்துக்கிட்டு இங்க வா. இவ அங்க வரமாட்டா."