றொனால்ட் அழுத நாள்

மகள் மேனுகாவை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, ஆளாளுக்கு றொனால்டின் தோளைப் பிடித்து ஒரே பேச்சைத்தான் சொன்னார்கள்.

"நிலானி உடைஞ்சு போனா. நீயும் உடைஞ்சா அவவ ஆர் பாக்குற? ஆம்பிளை, தைரியமா இரு."

றொனால்ட் தலையாட்டினான். அதற்குப் பிறகு சேர்ச்சிலும் கடையிலும் பஸ் தரிப்பிலும் யார் வந்து எதைச் சொன்னாலும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

றொனால்டுக்கும் மனைவி நிலானிக்கும் மேனுகா ஒரே பிள்ளை. ஒன்பது வயது. தை மாத மழை விட்டதும் ஊரெல்லாம் டெங்கு பரவியது. காய்ச்சல் இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று இவர்கள் நிம்மதியடைந்த அன்றுதான் பிள்ளைக்கு மோசமானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது பிள்ளை இல்லை.

றொனால்டுக்கு ஊர் பெரியகல்லாறு. வாவியைக் கடக்கிற பாதையில் வேலை. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்து, பின்னால் இயந்திரம் பூட்டிய மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். காலையில் கிழக்கே எழுவான்கரையிலிருந்து ஆசிரியர்களையும் உத்தியோகத்தர்களையும் மோட்டார்சைக்கிளோடு ஏற்றி மேற்கே படுவான்கரையில் விடவேண்டும். திரும்பும்போது பாலும் மரக்கறி மூட்டையும் வரும். "வேலைக்குப் போ, எல்லாம் மறந்திரும்" என்றார்கள். போனான்.

மறக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. மோட்டார்சைக்கிளைக் குறுக்கே நிறுத்துகிறவனைக் கண்டால் எரிச்சல். சில்லறை இல்லை என்கிறவனைக் கண்டால் எரிச்சல். கரையில் நின்று கை தட்டிக் கூப்பிடுகிற ஆட்களை வேண்டுமென்றே காக்கவைத்தான். சோறு நெஞ்சில் நின்றது. டிஸ்பென்சரியில் காட்டினான். வயிற்றுப்புண் என்று குளிசை கொடுத்தார்கள். விழுங்கினான். சோறு அப்படியேதான் நின்றது.

வீட்டில் நிலானி அழுதுகொண்டிருப்பாள். அவளைத் தேற்றுவதுதான் தன் பொறுப்பு என்று அவன் நினைத்திருந்தான். ஆனால் அவனுக்குத் தெரிந்த தேற்றல் "அழாத" என்ற ஒரு சொல்தான். அதை அன்பாகச் சொல்லிப் பார்த்தான், பிறகு அதட்டிச் சொன்னான். அவள் நிறுத்தவில்லை.

ஒருநாள் அவள் கேட்டாள். "ஆஸ்பத்திரியில அவக்கு ஆர் உடுப்பு மாத்தின? நான் மயங்கிக் கிடந்திட்டன். எப்பிடிக் கிடந்தவ என்ட புள்ள? சொல்லுங்களன்."

"அதை விடு, நிலானி."

"விடுறதா? எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்? விடு எண்டா விடு."

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்டுமே இல்லையா? என்ன மனுசன் நீங்க?"

அவன் முற்றத்துக்குப் போய், வேலை செய்யாத தண்ணீர் மோட்டாரைக் காலால் உதைத்தான். பெருவிரல் நகம் பெயர்ந்தது. அந்த வலி அவனுக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு அதற்கும் எரிச்சல் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை வாவி முழுக்க ஆற்றுவாழை மூடிக் கிடந்தது. வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த மிதக்கும் நீர்ச்செடி. பாதை பாதித் தூரம்கூடப் போகவில்லை, இயந்திரத்தின் விசிறியில் கொடி சுற்றி இறுகியது. றொனால்ட் நிறுத்தி, குனிந்து, கையால் இழுத்து எறிந்தான். மீண்டும் இயக்கினான். கொஞ்சத் தூரத்தில் மறுபடி சுற்றியது. மறுபடி இழுத்தான். மறுபடி இயக்கினான். மறுபடி நின்றது.

"கரையில வச்சே பாத்திருக்கலாம்தானே?" என்றார் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர். "எங்களுக்கு ஒன்பது மணிக்குக் கூட்டம் இரிக்கு."

றொனால்ட் கோபத்தோடு கொடியைப் பிடித்து இழுத்தான். விசிறியின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. இரத்தம் வந்தது. கொடி வரவில்லை.

"இந்தச் சனியன் பிடிச்ச ஆத்துவாழை!" என்று கத்தினான். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பலகையில் குந்தியிருந்து அழத் தொடங்கினான். முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை அழுவதுபோல. மூக்குச் சளி வழிந்தது. துடைக்கவில்லை.

பாதையில் நின்றவர்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஓர் ஆசிரியை தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். உத்தியோகத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு கொடிக்குப் போய் அழுறதா? எழும்புங்க அண்ணன், நேரம் போகுது. ஆம்பிளை ஆள் நீங்க."

காத்தான்குடியிலிருந்து படுவான்கரைக்குத் துணி விற்கப் போகும் றவூப், மோட்டார்சைக்கிளில் பொதியைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான். அவனுக்கு றொனால்டைப் பழக்கம். "சேர், அவர்ர புள்ள மௌத்தாகி மூணு மாசமும் ஆகல்ல," என்றான். "விடுங்க. அழட்டும்."

"அதுக்கு நாங்க நடுவில நிக்கிறதா?"

"நிக்கத் தேவையில்ல. கம்பு இரிக்கு. நீங்களும் ஒரு பக்கம் பிடியுங்க."

றவூப் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பை எடுத்து ஊன்றினான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பாதை நகர்ந்தது. றொனால்ட் கரை சேரும்வரை அழுதுகொண்டே இருந்தான்.

உத்தியோகத்தர் முறைப்பாடு செய்தார். பாதையைக் குத்தகைக்கு எடுத்தவர் மத்தியானமே கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு வீட்டில இரு. ஆக்களைத் தண்ணிக்கு நடுவில வச்சுக்கொண்டு இப்பிடிச் செய்யலாமா?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை என்று றொனால்டுக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்தான். கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து நிலானி கேட்டாள்.

"என்ன நடந்த?"

"ஆத்துவாழை..." என்றான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மறுபடி அழுகை வந்துவிட்டது.

அவள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இப்பதானா வருது உங்களுக்கு? இவ்வளவு நாளும் என்னைத் தனிய அழவிட்டுப்போட்டு! அழாத அழாத எண்டு என்ட வாயை அடைச்சீங்களே! நான் பைத்தியக்காரி எண்டு நினைச்சன். எனக்கு மட்டும்தான் புள்ள செத்த எண்டு நினைச்சன்."

"நான் அழுதா நீ விழுந்திருவாய் எண்டாங்க."

"ஆர் சொன்ன? அவங்களை இஞ்ச வரச்சொல்லுங்க!"

கொஞ்ச நேரம் இருவரும் கத்தினார்கள். பிறகு அவன் சுவரோடு சாய்ந்து இருந்து, அவள் திரும்பக் கேட்காமலே சொன்னான்.

"நான்தான் உடுப்பு மாத்தின. அந்த மஞ்சள் சட்டை. உடம்பு வீங்கிப் போச்சு, நிலானி. பின்பக்கம் பொத்தான் பூட்ட ஏலாம போச்சு. இழுத்துப் பாத்தன், வரல்ல. நோகுமெண்டு விட்டுட்டன். நோகாதுதானே, ஆனா விட்டுட்டன். மறுகா நேர்ஸிட்ட சட்டைஊசி வாங்கிக் குத்தின."

நிலானி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "முகம்?" என்றாள்.

"முகம் நல்லா இருந்த. நித்திரை மாதிரி."

இருவரும் சேர்ந்து அழுத சத்தம் வேலிக்கு அப்பால் கேட்டது. பக்கத்து வீட்டு செசீலியா ஓடிவந்தாள். "என்னகா இது? இப்பிடி அழுதா உடம்பு என்னத்துக்கு ஆகும்? றொனால்ட், நீயாவது..."

"அக்கா, போங்க," என்றாள் நிலானி. "நாங்க அழுறம். முடிச்சிட்டு வாறம்."

செசீலியா அதை இன்றுவரை மறக்கவில்லை. அப்படிச் சொல்லலாமா என்று மனவருத்தம்.

அன்று மாலை றொனால்ட் சோறு தின்றான். நெஞ்சில் நிற்கவில்லை. விடியும்வரை நித்திரை கொண்டான். மறுநாள் மறுபடி அழுகை வந்தது. அதற்கு அடுத்த நாள் வரவில்லை, ஆனால் முன்பிருந்த எரிச்சல் வந்தது. அப்படித்தான் போனது. ஒருநாள் நல்லது, ஒருநாள் கெட்டது.

குத்தகைக்காரர் அவனைத் திருப்பிக் கூப்பிட்டார். வேறு ஆள் சரிவரவில்லையாம். உத்தியோகத்தர் இப்போதும் முகம் கொடுப்பதில்லை. றொனால்ட் இப்போதும் குறுக்கே நிற்கிற மோட்டார்சைக்கிள்காரர்களோடு சண்டை பிடிக்கிறான். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சேர்ச்சில் ஒருவர் அவன் தோளைப் பிடித்து, "இப்ப தைரியமா இருக்கிறாய், நல்லது" என்றார்.

"இல்ல," என்றான் றொனால்ட். "நேத்தும் அழுதன்."

அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். நிலானி குடையை விரித்தாள். வெயிலில் இருவரும் மேனுகாவை அடக்கம் செய்த சவக்காலைப் பக்கம் நடந்தார்கள்.