மேற்கே பார்த்த மேடை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அப்புறம் பள்ளிக்கூடங்கள்தான் என்னைத் தேடி வந்தன, சுற்றுச்சுவர் கட்டித் தரச் சொல்லி. சாந்துச் சட்டி சுமந்து, கரண்டி பிடித்து, பிறகு ஆள் வைத்து வேலை வாங்குகிற நிலைக்கு வந்தேன். அருமனையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ்ஸில் போனால், நான் கட்டிய வீடுகளை இரண்டு பக்கமும் காட்டிக்கொண்டே போகலாம். பார்க்கிறவருக்குக் கழுத்து வலித்தால் நான் பொறுப்பில்லை.

ஆகவே, எங்கள் ஊர் சமுதாய நலக்கூடத்தைப் புதுப்பித்துப் பெரிதாக்க வேண்டும் என்று கூட்டம் போட்டபோது, வேலை என் கைக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை, ஒருவரைத் தவிர. அவர் என் மனைவியின் தம்பி. படித்தவர், உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் முதல் இலையில் உட்காருகிறவர்.

“அத்தான், ஒரு இஞ்சினியர வச்சு பிளான் போட்டுருவோம். இது கோழிக்கூடு இல்ல கேட்டியளா.”

“ஏலே, ஒனக்கு வீடு கெட்டித் தந்தது ஆரு? அதுல கோழியா கெடக்கு?”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பின் வேகத்தில், “என் பேத்தி கல்யாணமே இந்த மண்டபத்துலதான் நடக்கும், பாத்துக்கிடுங்க” என்றும் சொல்லிவிட்டேன். ஊர் முழுக்கக் கேட்ட வாக்கு. இனி அந்தக் கல்யாணம் வேறு இடத்துக்குப் போனால் நான் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

பழைய கூடத்தில் வாசல் கிழக்கே, ரோட்டைப் பார்த்து. மேடை மேற்குச் சுவரோரம். சாப்பிட வேண்டுமென்றால் வெளியே வந்து, கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் மழை வருஷத்துக்கு இரண்டு தடவை சீசன் போட்டு அடிக்கும். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் சேற்றில் குதித்துப் போவதைக் கண்டு எனக்கு மனசு பொறுக்கவில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டு, கூடத்தோடு சேர்த்தே பெரிய ஊட்டுப்புரை, அதாவது பந்தி நடக்கும் கூடம், கட்டினேன். மேற்குச் சுவரை உடைத்து அதற்கு அகலமான கதவு வைத்தேன். அங்கே இருந்த மேடையை இடித்து, கிழக்கு வாசலை அடைத்து, அந்த இடத்தில் கருங்கல்லால் புது மேடை. மக்கள் வர வடக்கே பெரிய வாசல், கார் வந்து நிற்க முகப்பு. மனக்கணக்கிலேயே போட்ட பிளான்.

வேலை நடக்கும்போது ஊரே வந்து அபிப்பிராயம் சொன்னது. டைல்ஸ் வழுக்கும் என்றார்கள், ஃபேன் பத்தாது என்றார்கள், கக்கூசை எங்கே வைப்பது என்பதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டார்கள். மேடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறப்பு விழா முடிந்து முதலில் நடந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து நிச்சயதார்த்தம். போதகர் மேடையில் நின்று ஜெபம் செய்துவிட்டு, “நல்ல உறுதியான மேடை” என்றார். எனக்கு அதுவே பட்டயம் கிடைத்த மாதிரி.

பேத்தி கல்யாணம் நெருங்கி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பவர், ஒரு சாயங்காலம் மண்டபம் பார்க்க வந்தார். மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். உட்கார்ந்தவர் கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

“சம்பந்தி, வெயில் மூஞ்சில அடிக்கே.”

“அந்தாப் பாரும், ஊட்டுப்புரை சன்னல் வழியா வருது. நல்ல வெளிச்சம்.”

“சாயங்கால வெயில்லா ஓய்?”

“ஆமா.”

“அப்ப நான் மேற்கையில்லா பாக்கேன்! பொண்ணும் மாப்பிளையும் மேற்க பாத்து இருந்தா தாலி கெட்டுவாவ?”

கல்யாணம் என்றால் கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால்தான் ஒருவரும் யோசிக்கவில்லை. சம்பந்தி எழுந்து வேட்டியைத் தட்டினார். “மார்த்தாண்டத்துல ஒரு ஏசி ஆடிட்டோரியம் அன்னைக்கு சும்மாதான் கெடக்காம். நாளைக்குள்ள சொல்லும்.”

வீட்டில் மைத்துனர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

“அத்தான், ஒண்ணு செய்யலாம். ரெண்டு பேரும் சனத்துக்கு முதுகு காட்டி இருக்கட்டும். முகத்த டிவியில போட்டுக் காட்டுவோம்.”

“முதுகுக்கா தாத்தா நான் மேக்கப் போட?” என்று பேத்தி சிணுங்கினாள்.

“வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தியளா!” என்றாள் மனைவி. அது எனக்கு.

விடிந்ததும் மண்டபத்துக்குப் போய் நடுக்கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கருங்கல் மேடையை முறைத்தேன். அது நகராது, நான் கட்டினதல்லவா. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நாற்காலியை மேற்கே திருப்பினேன். எதிரே ஊட்டுப்புரைக் கதவு. அப்போதுதான் புரிந்தது, திரும்ப வேண்டியது மேடை இல்லை, நாற்காலிகள். பந்தல்காரரை வரவழைத்து, கதவுக்கு முன்னால் பலகை மேடை போட்டு, அதில் மணவறை வைக்கச் சொன்னேன். கிழக்கே பார்த்த மணவறை. இரண்டு பக்கமும் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி.

“பந்திக்கு வழிய மறிச்சா ஆளுவ சண்டைக்கு வருவாவ அண்ணே” என்றார் பந்தல்காரர்.

“வரட்டு வே.”

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டும் முன்பே பாதி நாற்காலி காலியாகிவிடும். அவியல் வாசனை வந்ததும் ஒவ்வொருவராக நழுவிப் பந்தியில் இடம் பிடிப்பார்கள். கெட்டிமேளம் கேட்கும்போது அட்சதை போட வீட்டு ஆட்கள்தான் மிச்சம் இருப்போம். அன்றைக்கு அது நடக்கவில்லை. நழுவ வேண்டுமென்றால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உரசிக்கொண்டு, வீடியோ விளக்கில் முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஒருவரும் அசையவில்லை. கருங்கல் மேடையில் நாதஸ்வரக்காரர்கள் ராஜா மாதிரி உட்கார்ந்து வாசித்தார்கள். கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபம் நிறைய அட்சதை பறந்தது.

சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க ஆளுவ தாலி கெட்டுக்கு இருந்து இப்பதான் ஓய் பாக்கேன். இதுக்குன்னே போட்ட பிளானா?”

“பின்ன?” என்றேன்.

அப்புறம் மண்டபம் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும், “அதே மாதிரி வழிய மறிச்சுத் தாங்க” என்றுதான் கேட்கிறார்கள். ஆல்பம் வந்தது. தாலி கட்டும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பேத்தி தலை குனிந்திருக்கிறாள், மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். இருவருக்கும் நடுவே, பூச்சரத்துக்குப் பின்னால், குனிந்தபடி ஊட்டுப்புரைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து விழிக்கிறார் என் மைத்துனர்.