அண்ணனின் கைக்கடிகாரத்தைக் கழுவிய நாள்

அண்ணனின் தங்கக் கைக்கடிகாரத்தை நான் முதன்முதலில் உள்ளங்கையில் வாங்கியபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் அவன் அதைக் கழற்றிக் கொடுத்திருந்தான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அண்ணன் ஃபிட்டராக இருந்தான். புது எந்திரம் ஒன்றைப் பொருத்திக்கொடுக்க வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியரின் சட்டைக்கை உருளையில் சிக்கியபோது, பக்கத்தில் நின்ற அண்ணன் பாய்ந்து சுவிட்சை அணைத்திருக்கிறான். ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த மனிதர் தன் கையில் இருந்ததையே கழற்றி அண்ணன் கையில் மாட்டிவிட்டுப் போனார்.

அது எவ்வளவு உயர்ந்த பொருள் என்று எங்கள் வீட்டில் எனக்குத்தான் தெரியும். பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலேறி, சென்னையில் ஒரு கடிகாரக் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்துவந்தேன். பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். "கையில கட்டிக்கத்தான குடுத்தாரு. பீரோவுக்கா குடுத்தாரு?" என்றான் அண்ணன். வேலைக்கே கட்டிக்கொண்டு போனான். எந்திரத்தின் அருகே போகும்போது மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். இரண்டே வருடத்தில் சங்கிலிப் பட்டையின் இடுக்குகளில் கிரீசும் வியர்வையும் இரும்புத்தூசியும் சேர்ந்து கறுத்துப்போயின. சுத்தம் செய்து தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம் பாப்பா" என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்குவான்.

ஒருநாள் காலை பட்டையின் ஊசி கழன்றுவிட்டது. சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லி, கடிகாரத்தை டிவி மேல் வைத்துவிட்டுப் போனான். கவரப்பேட்டை அருகே ஒரு லாரி அவன் வண்டியை இடித்தது. அம்மாவும் அண்ணியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் கல்யாணமாகி மூன்று வருடம்தான். பிள்ளை இல்லை. தாய்வீட்டார் வந்து கூப்பிட்டும் அண்ணி போகவில்லை. கடிகாரத்தை ஒரு பவுடர் டப்பாவில் போட்டுத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். திருட்டுக்குப் பயந்து வைத்திருக்கிறாள் என்றே நான் நினைத்தேன்.

முதல் வருட திதிக்கு முந்தின நாள். அண்ணி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அண்ணன் படத்துக்கு முன்னால் அந்தக் கடிகாரம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. டப்பாவிலிருந்து எடுத்து, கடையில் செய்யும் அத்தனை ஜாக்கிரதையோடும்தான் சுத்தம் செய்தேன். உள்ளே தண்ணீர் இறங்கிவிடாதபடி, முள்ளைத் திருப்பும் பக்கத் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். புளி, எலுமிச்சை, பற்பசை என்று எதையும் கிட்டே கொண்டுவரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைக்குப் போடும் சோப்பைக் கொஞ்சம் கரைத்து, மெத்தென்ற பிரஷ்ஷை அதில் தொட்டுத் தொட்டு, கண்ணாடிப் பக்கம் நனையாமல் பட்டையை மட்டும் தேய்த்தேன். கறுப்பு கரைந்து கிண்ணத்தில் இறங்க இறங்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு கீறல் விழவில்லை.

அண்ணி பையோடு உள்ளே வந்தாள். என் கையில் மின்னியதைப் பார்த்தாள்.

"தண்ணிய எங்க கொட்டின?"

"இன்னா தண்ணி அண்ணி?"

"அத்தக் கழுவின தண்ணி."

"பின்னால, தொவைக்கிற கல்லாண்ட."

பையை வைத்துவிட்டு நேரே அங்கே போனாள். ஈரமாக இருந்த மண்ணில் உள்ளங்கையைப் பதித்து உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "அவுரு வாசன அதுலதான் இருந்துச்சு பாப்பா" என்றாள். "சட்டையெல்லாம் அத்தை தொவைச்சு மடிச்சு வெச்சிட்டாங்க. இது ஒண்ணுதான் மிச்சம். தெனம் தொறந்து மோந்து பாத்துக்குவேன்." அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. வெயில் ஏறி அந்த இடம் வெளுக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

மறுநாள் திதிக்கு வந்தவர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் புதுசு மாதிரி இருக்கிறது என்றார்கள். அவர்கள் போனபின் அண்ணி அதை என்னிடம் நீட்டினாள். "இது இப்ப கடையில கீற வாட்ச்சி. நீயே வெச்சிக்க."

இன்றும் அது என்னிடம்தான் இருக்கிறது. அண்ணி எங்களோடுதான் இருக்கிறாள்; அம்மாவின் கடைசிக் காலத்தில் அவளே எல்லாம் பார்த்தாள். பல வருடம் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளிடம் துணிந்து மன்னிப்புக் கேட்டேன். முறம் நின்றது.

"கழுவினதுக்கு நான் கோச்சுக்கல பாப்பா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அவுரு உசுரு போறப்பதான் நான் பக்கத்துல இல்ல. அவுரு வாசன போறப்பவாவது கூட குந்தியிருப்பேன்."