மாமனார் இல்லாத மாமனார் படம்

போட்டோக்காரனுக்குப் பெண் கொடுத்த வீட்டில் போட்டோவுக்குக் குறைவிருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாமக்கல் கடைவீதியில் நான் ஸ்டுடியோ நடத்திய அத்தனை வருடங்களில், என் மாமனாரிடம் பட்ட பாட்டை வேறு எந்த மனிதரிடமும் பட்டதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் மனைவியின் தம்பி பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். பட்டாளத்தில் சேர்ந்தால் லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியவன், நேராகச் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு கடல் தாண்டி எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். எந்தத் தேசம் என்று எழுதக்கூடாதாம். அங்கிருந்துதான் தன் அக்காவுக்கு எழுதியிருந்தான்: அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்த மாதிரி ஒரு படம் வேண்டும், மச்சானிடம் சொல்லி எடுத்து அனுப்பு.

“உங்களுக்கு இது ஒரு வேலையா? போயிட்டு வந்துருங்க” என்றாள் என் மனைவி.

வேலைதான். படம் விழும் கண்ணாடிப் பிளேட் அப்போது பொன்னுக்குச் சமம். கையில் இருந்த கொஞ்சத்தைக் கல்யாணங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். மாமனாரின் ஊரோ மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயுவில் ஓடும் பஸ், மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி, கேமராப் பெட்டியையும் அதை நிறுத்தும் முக்காலியையும் ஆள் வைத்துச் சுமந்துகொண்டு காட்டுப் பாதையில் நடந்து போய்ச் சேர்ந்தால், மாமனார் பெட்டியைப் பார்த்தார்.

“வாங்க மாப்பிள்ளை. சாப்பிடுங்க. எனக்குக் காட்டுல சோலி கெடக்குது” என்று கிளம்பிவிட்டார். சாயங்காலம் வெளிச்சம் போன பிறகுதான் திரும்பினார்.

அடுத்த முறை போனபோது கடலைக்காய் பிடுங்குகிறார்கள் என்றார். அதற்கடுத்த முறை கிணற்றில் தூர் வாருகிறார்கள் என்றார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு ஆளும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளை முறுக்கையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு நேராகவே கேட்டேன்.

“மாமா, படம் எடுத்துக்கொள்ள உங்களுக்கு என்ன தடை? ஆயுசு குறையும் என்று யாராவது சொன்னார்களா?”

“ஆயுசுக்கு என்னங்க, அது இருக்கறவரைக்கும் இருக்கும்” என்றார். வெற்றிலையை மெதுவாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார். “போறப்ப அவன் என்ர மொகத்தைப் பார்த்துச் சொல்லிப்போட்டுப் போகலீங்க. இப்ப மொகம் எதுக்கு? எதாச்சும் அனுப்பியே ஆகோணும்னா என்ர செருப்பைப் புடிச்சு அனுப்புங்க.”

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

நான் முக்காலியை மடக்க ஆரம்பித்தேன். இனி இந்த ஊர்ப்பக்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது மாமியார் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். வேப்ப மரத்தடியில் மாமனார் படுக்கிற கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதன்கீழே கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்து, “இதைய எங்க வெக்கட்டுங்க மாப்பிள்ளை?” என்றார்.

“எதை, அத்தை?”

“அவருதான் செருப்பைப் புடிக்கச் சொல்லிப்போட்டாருங்களே.”

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் கோபத்தில் சொன்னது, பெற்ற பிள்ளைக்குச் செருப்புப் படத்தை அனுப்பினால் என்ன அர்த்தம் வரும், பட்டாளத்தில் தபாலை எல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வேண்டுமானால் நீங்கள் மட்டும் உட்காருங்கள், உங்களையாவது எடுத்து அனுப்புகிறேன் என்றேன்.

“நான் மட்டும் ஒத்தையா உக்காந்தா அவன் என்னங்க நெனைப்பான்? அப்பா போயிட்டாருன்னு நெனைச்சு அங்கியே அழுதுட்டுக் கெடப்பான்.”

அது நியாயம்தான். ஆனால் ஆள் இல்லாமல் செருப்பையும் துணியையும் மட்டும் எடுத்தால் அதைவிட மோசம், செத்தவர் சாமானை வரிசையாக வைத்த மாதிரிதான் இருக்கும் என்றேன்.

மாமியார் செருப்பை மறுபடி கட்டிலின்கீழே வைத்தார். பிறகு, “அப்பிடின்னா அவரு இருக்கறாருன்னு தெரியற மாதிரி வெக்கோணும்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவே இல்லை. மாமனார் தலையில் கட்டும் உருமாலைக் கழற்றிய மடிப்பு கலையாமல் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். அதன் பக்கத்தில் வெற்றிலைப் பையை வாய் திறந்தபடி வைத்து, ஒரு வெற்றிலையைப் பாதி வெளியே இழுத்துவிட்டார். உள்ளே போய்க் கம்மங்கூழை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பாதியைத் தானே குடித்துவிட்டு மீதியைக் கொண்டுவந்து கட்டில் காலருகே வைத்தார். மாடு ஓட்டுகிற சாட்டையைக் கட்டிலின் குறுக்கே போட்டார். செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை நான் ஒரு குச்சியால் சுரண்டப் போனேன். படத்துக்கு அழுக்கு நன்றாக இருக்காது. எந்த ஸ்டுடியோக்காரனும் செய்வதுதான்.

“உட்டுப்போடுங்க. ஈரச் சேறு இருந்தாத்தான் இன்னைக்கு நடந்தாருன்னு தெரியும்” என்றார்.

சரி, ஒரு பிளேட்டோடு சனியன் ஒழியட்டும் என்று முக்காலியை மறுபடி விரித்தேன். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள் என்றதற்கு, அவரு இல்லாம நான் மட்டும் எதுக்கு என்று மாமியார் விலகிக்கொண்டார். கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கட்டிலைச் சரிபார்த்தேன். வெளியே வந்து பிளேட்டைச் செருகினேன். மர நிழலில் வெளிச்சம் போதாது. லென்ஸ் மூடியைக் கழற்றி இரண்டு மூன்று மூச்சு நேரமாவது விட வேண்டும். அந்த நேரம் பார்த்து, ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு மாமனார் வந்து நின்றார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உருமாலைத் தேடியவர் கட்டிலைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

“சாட்டைய இப்பிடியா வெப்பேன்?” என்றார் மாமியாரிடம். “குறுக்க வெச்சா தாண்டறாப்பல ஆயிரும், சாட்டையத் தாண்டக்கூடாது. கொழந்தையிலிருந்து பார்த்த பையனுக்குத் தெரியாதா?”

“அப்ப நீங்களே வந்து உட்காருங்கள் மாமா. எல்லாம் சரியாகிவிடும்” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

“நான் எதுக்கு? நீங்க உங்க வேலையப் பாருங்க.”

என் வேலையைப் பார்த்தேன். யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றினேன். மாமனார் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கண்ணை அந்தச் சாட்டையிலேயே வைத்திருந்தார். மூடி என் கையில் இருக்கும்போதே விறுவிறுவென்று போய், ஓரமாக நின்று, கையை நீட்டிச் சாட்டையை எடுத்துக் கட்டிலின் நீளவாக்கில் திருப்பி வைத்தார்.

மூடியைப் போட்டேன். என் வாயில் வந்ததை மாமியார் முன்னால் சொல்ல முடியவில்லை.

“இப்ப எடுங்க” என்றார் மாமனார்.

“எடுத்தாயிற்று. கெட்டும் போயிற்று.”

“இன்னொன்னு எடுக்கறது.”

இன்னொன்று எடுக்க என்னிடம் பிளேட் இல்லை. மற்றவற்றை அடுத்த முகூர்த்தத்துக்கென்று ஸ்டுடியோவில் பூட்டி வைத்துவிட்டு, இவர் உட்காரவா போகிறார் என்ற நம்பிக்கையில் ஒன்றே ஒன்றைத்தான் கொண்டுவந்திருந்தேன். அதைச் சொன்னதும், ஊர் ஊராகப் போகிற தொழில்காரர் இப்படியா வருவது என்று எனக்கே புத்தி சொன்னார். அன்று பஸ்ஸைத் தள்ளும்போது எனக்கு இருந்த ஆத்திரத்தில் தனியாகவே நாமக்கல் வரைக்கும் தள்ளியிருப்பேன்.

ஸ்டுடியோவில் பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன். கட்டில், உருமால், பை, கிண்ணம், செருப்பு எல்லாம் நூல் நூலாகத் தெளிவாக விழுந்திருந்தன. சாட்டை மட்டும் இரண்டு சாட்டையாகத் தெரிந்தது. அதன்மேல் முழங்கை வரைக்கும் ஒரு கை, புகை மாதிரி. கெட்டுப்போன படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கையைப் பென்சிலால் மறைத்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது என் மனைவி பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அதுல ஒண்ணும் செய்யாதீங்க. அப்பிடியே போட்டு அனுப்புங்க” என்றாள்.

“இதை நான்தான் எடுத்தேன் என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சேர்த்து எழுது” என்றேன்.

யுத்தம் முடிந்து மச்சினன் திரும்பி வந்தபோது, ஊருக்குப் போகிற வழியில் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். கறுத்து, தோள் விரிந்து, வேறு ஆள் மாதிரி இருந்தான். சாப்பிட்டுக்கொண்டே படத்தைப் பற்றிச் சொன்னான். கூடாரத்தில் அதைத் தலைமாட்டில் ஒட்டி வைத்திருந்தானாம். கூட இருந்த தெலுங்குக்காரன் ஒருவன், சாட்டையையும் பாதி இருந்த கூழையும் பார்த்து, இது உங்கள் ஊர்ச் சாமிக்குப் போடுகிற படையலா என்று கேட்டானாம்.

“என்ன சொன்னாய்?”

“எங்கப்பான்னு சொன்னனுங்க மச்சான். அவன் நம்பலை.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவன் கையை நிறுத்தினான். “அது அப்பா கைதானுங்களே? அக்கா ஒண்ணும் எழுதலை. நானா நெனைச்சுக்கிட்டேன்.”

“உன் அப்பா கைதான். என் பிளேட்டைக் கெடுத்த கை” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டான். என் மனைவி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவனோடு நாங்களும் ஊருக்குப் போனோம். மாமனார் களத்தில் இருந்தார். மகன் எதிரே போய் நின்றான். அவர் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார். “எளைச்சுப் போகலை” என்றார். பிறகு, வண்டி அச்சு ஒன்று முறிந்து கிடப்பதாகவும், லாரி ஓட்டினவனுக்கு அது தெரியுமா என்றும் கேட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் இருட்டும்வரை அந்த வண்டிக்கு அடியிலேயே கிடந்தார்கள். நான் அந்த முறை புதுப் பிளேட்டுகள் கொண்டுபோயிருந்தேன். பெட்டியைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் அவர் ஒரு படத்துக்கும் உட்காரவில்லை. மகன் கல்யாணத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டுத் தேடினால், சமையல் பந்தலில் விறகு சரியாக எரியவில்லை என்று அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நானும் கெஞ்சுவதை விட்டுவிட்டேன். மாமியார்தான் அந்தக் கட்டில் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டார். சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரில் மாட்டியதை மாமனார் அண்ணாந்து பார்த்து, கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம் என்றார்.

அவர் போன பிறகு, விசேஷத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஊரையெல்லாம் படம் எடுத்த மாப்பிள்ளை, சொந்த மாமனாரை ஒரு படம் எடுத்து வைக்கவில்லையே என்கிறார்கள். ஆரம்பத்தில் நடந்ததை எல்லாம் விவரமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “என்ன இருந்தாலும் நீங்க ஒண்ணு எடுத்திருக்கோணுங்க” என்பார்கள். இப்போதெல்லாம் சுவரில் தொங்குகிற அந்தக் கட்டில் படத்தைக் கையால் காட்டிவிட்டு இலைமுன் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.