சர்க்கரை போடாத குச்சி ஐஸ்

மொயலாங்கிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் பாயின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்துப் பின்னும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு ஈரப்பலா மரம்தான். கூரையும் தூண்களும்தான், இரண்டு வீட்டுக்கும் சுவர் கிடையாது. அவள் பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்குவதும், அடுப்புக் கற்களை எடுத்து இடம் மாற்றுவதும், தோட்டத்துக்குப் போய்விட்டுப் பாதியில் திரும்பி வருவதும் இருபத்தைந்து வருஷமாக என் கண் முன்னால் நடப்பவை.

அவள் புருஷன் பெட்டேலோ அதற்கு நேர்மாறு. கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. எங்கள் தீவின் சலேலோலோங்கா துறையிலிருந்து அக்கரைத் தீவுக்குப் போகும் கப்பலில் முப்பது வருஷம் டீ ஊற்றினார். பயணிக்கு ஒரு கப் என்றால் தனக்கு அரை கப். கப்புக்கு நாலு கரண்டி சர்க்கரை. ஓய்வு பெற்று வந்தபோது கப்பல்காரர்கள் அவருக்குப் பெரிய கேக் வெட்டினார்கள். பாதியை அவரே தின்றார் என்று சிரித்தோம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மொயலாங்கி என்னைக் கூப்பிட்டாள். "சலோட்டே, இங்க வா. இந்த ஆளு கால்ல ஏதோ நாத்தம் அடிக்குது. கேட்டா ஒண்ணுமில்லங்கறான்."

பெட்டேலோவின் இடது காலில் கடலோரப் பவளப்பாறை கிழித்திருந்தது. எப்போது கிழித்தது என்று அவருக்கே தெரியவில்லை. வலி இல்லை, ஏனென்றால் அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு எங்கள் வட்டார மருத்துவமனையில் நர்ஸ் லூசியாவிடம் கட்டு மாற்றப் போக வேண்டியிருந்தது. லூசியா அவர் கைவிரலில் குத்தி மெஷினைப் பார்த்தாள். ரத்தச் சர்க்கரை இருபத்தொன்று. எங்கள் மெஷின் கணக்கில் ஏழெட்டுக்குள் இருக்க வேண்டியது.

"பத்துக்குக் கீழ வரணும்" என்று மாத்திரைகளைக் கொடுத்தாள். "பன்னிரண்டு வாரம் பாப்போம். இல்லேன்னா இந்தப் புண் ஆறாது. அப்புறம் பாதத்தைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் மொயலாங்கி நின்றுகொண்டே வந்தாள்.

அன்றைக்கே வீட்டிலிருந்த சர்க்கரை மூட்டையை என் வீட்டில் கொண்டுவந்து போட்டாள். "எங்க வேணா வை. எனக்கும் தெரிய வேண்டாம், அவனுக்கும் தெரிய வேண்டாம்." அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டைதான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குள் டின் பால் கிடைத்தது. கிட்டார் வயிற்றுக்குள் கை விட்டால் எண்ணெயில் பொரித்த பணியாரம். கண்டுபிடித்ததையெல்லாம் அவள் பன்றிக்குப் போட்டாள். நாளுக்கு மூன்று தடவை வீட்டைச் சோதித்தாள். வாரத்தை விரல் விட்டு எண்ணினாள்.

காலையில் கோக்கோ காய்ச்சுவது எங்கள் எல்லார் வீட்டிலும் நடப்பது. வறுத்து இடித்த கோக்கோவைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சர்க்கரையைக் கொட்டிக் குடிப்போம். சர்க்கரை இல்லாத கோக்கோவை பெட்டேலோ ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினார்.

"இது குடிக்கறதுக்கா, படகுக்குப் பூசறதுக்கா?"

"உனக்கு கால் வேணுமா, கப் வேணுமா?"

"அறுபத்திரெண்டு வயசாச்சு. வாய்க்கு ருசியா ஒண்ணும் கிடையாதுன்னா கால் எதுக்கு? நடந்து போய் என்ன பண்ணப் போறேன்?"

அவள் கரண்டியை வீசினாள். அது கோழிகள் நடுவே விழுந்தது. மறுநாள் காலை அவர் கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறிப் பலாவுலியிலிருக்கும் தன் அக்கா வைட்டோவா வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே போய் மொயலாங்கி சண்டை போட முடியாது. எங்களில் கூடப்பிறந்தவளின் சொல்லுக்குத் தம்பி எதிர்ச்சொல் சொல்லமாட்டான். தம்பி பெண்டாட்டி குரலையே உயர்த்தமாட்டாள். வைட்டோவா சமையலோ ஊரறிந்த இனிப்பு. அந்த வாரம் மொயலாங்கி இருந்த இருப்பைப் பார்க்க எனக்கே மூச்சு வாங்கியது. சேம்புப் பாத்தியைக் களையெடுத்தாள், எடுக்கக் களை இல்லாதபோது கல் பொறுக்கினாள். பஸ் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடினாள். "இந்நேரம் என்ன குடுத்திருப்பாங்க அங்க? பாயில படுத்துக்கிட்டு பன்னு தின்னுட்டிருப்பான். ஆறு வாரத்துல கால் போயிரும், சலோட்டே."

அவர் இல்லாததால் வாழைப்பழம் இரண்டு தார் ஒரேயடியாகப் பழுத்துக் கறுத்தது. விரல் நீளச் சின்னப் பழம், தேன் மாதிரி இருக்கும். எறிய மனமில்லாமல் தோலுரித்து என் ஃப்ரீசர் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் போட்டாள். மறுநாள் என் உரலில் கோக்கோ இடித்துக்கொண்டிருந்தவள், வெயில் தாங்காமல் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள். விரலெல்லாம் கோக்கோ. அதோடு சேர்த்துத்தான் கடித்தாள்.

கடித்தவள் அசையாமல் நின்றாள்.

"என்னடி?"

"இதுல சர்க்கரை இல்ல, சலோட்டே" என்றாள். "ஆனா இருக்கு."

அன்று மதியமே ஆரம்பித்துவிட்டாள். பழத்தை மசித்து, கோக்கோவைக் குழைத்து, தேங்காயின் முதல் பாலை ஊற்றி, பிளாஸ்டிக் கப்களில் நிரப்பி, தென்னை ஈர்க்குகளை இரண்டிரண்டாகக் கட்டி நடுவில் குத்தி வைத்தாள். முதல் தடவை கல்லாகிப் போனது. கடித்ததில் என் பல் ஒன்று ஆடியது. இரண்டாம் தடவை எல்லாவற்றிலும் மீன் நாற்றம்.

"கோக்கோ தெரியுது. கூடவே சூரை மீனும் தெரியுது" என்றேன்.

"அப்ப உன் மீனை வெளிய எடு."

"என் பெட்டிடி இது!"

மூன்றாம் தடவை தேங்காய்ப்பால் தனியாகப் பிரிந்து மேலே மெழுகு மாதிரி நின்றது. இவளோ பொறுத்திருக்கத் தெரியாதவள். உறைந்ததா என்று அரை மணிக்கு ஒரு தரம் பெட்டியைத் திறந்தாள். திறந்தால் சும்மா மூடுவாளா? ஒரு கிளறு கிளறிவிட்டுத்தான் மூடுவாள். "மூடுடி, உருகுது!" என்று நான் கத்துவேன். "ஒரே ஒரு கிளறு" என்பாள். அப்படி ஏழெட்டுத் தடவை கிளறியதில் நாலாவது ஈடு வெண்ணெய் மாதிரி வந்தது. பல்லில் ஒட்டவில்லை, கல்லும் இல்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டதும் கோக்கோவின் கசப்பு அடங்கி வாசனை மட்டும் நின்றது.

குச்சி ஐஸை ஒரு சின்னப் பெட்டியில் அடுக்கித் துணியில் சுற்றிக்கொண்டு பலாவுலி பஸ்ஸில் ஏறினாள். என்னையும் இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் கூட்டம். என் மடியில் அவள், அவள் மடியில் பெட்டி. வழி முழுக்க மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வைட்டோவா பெரிய உடம்புக்காரி, ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. மொயலாங்கி பாயில் தலை குனிந்து உட்கார்ந்து, "அக்கா, உங்க தம்பிக்கு ஒரு இனிப்பு கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

பெட்டேலோ சந்தேகமாகவே வாங்கினார். நக்கினார். பிறகு கடித்தார். மூன்று குச்சி தின்று முடித்த பிறகுதான் நிமிர்ந்தார். "இதுல என்ன போட்ட?"

"வாழைப்பழம்."

"பொய் சொல்ற."

"பெட்டியில இன்னும் ஏழு இருக்கு. அது இப்ப வீட்டுக்குத் திரும்பிப் போகுது. நீ வர்றியா இல்லையா?"

அவர் அக்காவைப் பார்த்தார். வைட்டோவா தானும் ஒன்றைக் கடித்துக்கொண்டே, "போடா, போ. உன் குறட்டையில ஒரு வாரமா தூக்கமில்ல" என்றாள்.

அடுத்த நாலு வாரம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் காலையில் இரண்டு, மதியம் இரண்டு, சாயங்காலம் இரண்டு தின்றார். பழம் அவ்வளவாகப் பழுக்காத நாட்களில் அவள் மலைத்தேன் சேர்த்தாள். "தேனும் மரத்துலேர்ந்து வர்றதுதானே" என்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் "சர்க்கரை ஒரு துளி கிடையாது" என்று சொன்னாள். ஆனாலும் புண் ஆறுகிற மாதிரி தெரியவில்லை. கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் முகம் வெளுத்தது. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆறாவது வாரம் லூசியா மெஷினைப் பார்த்தாள். இருபத்துமூன்று.

"என்னம்மா குடுக்கறீங்க?"

மொயலாங்கி சொன்னாள். பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். லூசியாவின் முகத்தைப் பார்க்கப் பார்க்கக் குரல் இறங்கியது.

"அம்மா, பழத்துக்குள்ள இருக்கறதும் சர்க்கரைதான். கறுக்கக் கறுக்கப் பழுத்தா இன்னும் ஜாஸ்தி. தேன் சுத்தமா சர்க்கரையேதான். கடையில வாங்கினா என்ன, மரத்துல காய்ச்சா என்ன, ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. மாத்திரை சாப்பிடறாரா?"

பெட்டேலோ தரையைப் பார்த்தார். "சர்க்கரைதான் விட்டாச்சே, மாத்திரை எதுக்குன்னு..."

"யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் மொயலாங்கி.

அன்று மதியம் தோட்டத்திலிருந்து வெட்டுச் சத்தம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், நீளக் கத்தியை வைத்துக்கொண்டு குலை தள்ளிய வாழைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மரம் விழுந்து கிடந்தது. நாலாவதற்கு ஓங்கினாள். நான் கையைப் பிடித்தேன்.

"பைத்தியமா உனக்கு? மரம் என்னடி பண்ணுச்சு?"

"விடு! அவனை அவன் பாட்டுக்கு விட்டிருந்தா டின் பாலை ஒளிச்சு ஒளிச்சு ரெண்டு கரண்டி குடிச்சிருப்பான். நான் நல்லது நல்லதுன்னு சொல்லி வாயில ஊட்டினேன், சலோட்டே. என் கையால ஊட்டினேன்." கத்தி கீழே விழுந்தது. ஈர மண்ணில் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அப்போதுகூட அவள் கால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை லூசியா வருவதற்கு முன்பே மருத்துவமனை வாசலில் கூடையோடு நின்றாள். கூடையில் கோக்கோ, பச்சை வாழை, பழுத்த வாழை, இளநீர், முற்றிய தேங்காய், தேன், எல்லாம் இருந்தன. "ஒவ்வொண்ணும் என்ன பண்ணும்னு சொல்லு. மெதுவா சொல்லு. எனக்கு அவசரப் புத்தி" என்றாள். லூசியா ஒரு மணி நேரம் சொன்னாள். தேன் வேண்டவே வேண்டாம். வாழை அப்போதுதான் மஞ்சளானதாக இருக்கட்டும், அதுவும் ஒரு கப்புக்கு அரைப் பழம். கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி போதும். எண்ணி ஒன்று, அதுவும் சாப்பாட்டோடு. அந்த அளவுக்குச் சாப்பாட்டில் சேம்புக் கிழங்கைக் குறைக்க வேண்டும். மாத்திரை கட்டாயம்.

மறுபடி என் ஃப்ரீசர். பழத்தைக் குறைத்தால் பதம் கெட்டது. இளநீர் வழுக்கையை மசித்துச் சேர்த்ததும் பதம் வந்தது. இனிப்புக் குறைவை மறைக்க, கோக்கோ கொதிக்கும்போது ஆரஞ்சு இலையைப் போட்டாள். பெட்டேலோ தின்று பார்த்து, "முன்னாடி பண்ணினது இதைவிட நல்லா இருந்துச்சு" என்றார்.

"முன்னாடி பண்ணினது உன் காலைத் தின்னுச்சு" என்றாள்.

ஆனால் ஒன்றோடு நிறுத்த அவளால் முடியவில்லை. அவர் முகம் சுருங்கினால் இவள் கை தானாக இரண்டாவதை நீட்டும். அது அவளுக்கே தெரிந்தது. யாரைக் கண்டு பயந்தாளோ அந்த வைட்டோவாவிடமே போய், "அக்கா, நீங்க வந்து இருங்க. என்னால அவனுக்கு இல்லேன்னு சொல்ல முடியல" என்றாள். வைட்டோவா அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டேலோ கையை நீட்டுவார். வைட்டோவா ஒன்றைக் கொடுத்துவிட்டு என் ஃப்ரீசர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொள்வாள்.

"அக்கா, இன்னொண்ணு..."

"ஒண்ணு."

"ரொம்பச் சின்னது அக்கா."

"அப்ப மெதுவா தின்னு."

தம்பியால் அதற்கு மேல் பேச முடியாது. மெதுவாகத் தின்றார்.

பத்தாவது வாரம் இன்னொரு கால்விரல் கறுத்து, அதையும் எடுத்தார்கள். மொயலாங்கி நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புண்ணை வெளிச்சத்தில் பார்ப்பதும், மூடுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தாள். லூசியா திட்டி, கட்டை அவள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் நாங்கள் நாலு பேரும் போனோம். மொயலாங்கி உள்ளே வரமாட்டேன் என்றாள், பிறகு வந்தாள். லூசியா குத்தினாள். மெஷின் ஒன்பது புள்ளி நாலு காட்டியது.

"தப்பா இருக்கும்" என்றாள் மொயலாங்கி. "இன்னொரு விரல்ல குத்து."

"ஏய்!" என்று பெட்டேலோ கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு மிச்சம் இருக்கறதே கொஞ்சம் விரல்!"

வைட்டோவா முதலில் சிரித்தாள். லூசியா சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி குத்தினாள். ஒன்பது புள்ளி ஆறு. கட்டைப் பிரித்துக் காட்டினாள். புண்ணின் ஓரம் ரோஸ் நிறமாகியிருந்தது. பாதத்தைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம் என்றாள். மொயலாங்கி விறுவிறுவென்று வெளியே போய், முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பெட்டேலோவின் கன்னத்தில் முத்தமிட்டாள், எல்லார் முன்னாலும். பிறகு "வா, பஸ் போயிரும்" என்று அதட்டினாள்.

இது நடந்து பதினொரு மாதம் ஆகிறது. பெட்டேலோ மூன்று விரல் இல்லாத காலில் விந்தி விந்தித் துறை வரைக்கும் நடக்கிறார். மாத்திரைக்கு வைட்டோவா காவல். அவள் ஊருக்குத் திரும்பவே இல்லை. என் ஃப்ரீசரில் மீனுக்கு இடம் கிடையாது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மொயலாங்கி நேற்றே வந்து என்னிடம் என்றைக்கு, என்றைக்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.