காசிம் பாய்க்குக் கண் தெரியும்

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரத்தில் காசிம் பாயின் மகள் போன் செய்தாள். "அத்தா மௌத்தாயிட்டாருங்க சார். அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம்." நான் மரக்காணம் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பழைய கார் சேகரிக்கும் நம் கூட்டத்தில் வேறு ஒருவரும் வந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

துபாயில் இருபது வருடம் ஜெர்மன் கார்களைப் பிரித்துக் கோத்தவர் பாய். ஊர் திரும்பியபின், நம்மில் யார் பழைய வண்டி வாங்கினாலும் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காந்தத்தைப் பனியன் துணியில் சுற்றி வண்டி முழுக்க ஓட்டுவார். அது ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது தகடு இல்லை, வெறும் பட்டிப் பூச்சு. "வண்டி பொய் சொல்லாது சார், ஓனருதான் சொல்லுவான்" என்பார்.

உப்பளத்தை ஒட்டிய என் ஷெட்டில் இரண்டு கார்கள் நின்றன: சிவப்பு போர்ஷே 911, வெள்ளை பென்ஸ் எஸ்.எல். இரண்டும் எழுபதுகளின் வண்டிகள். ஒன்றை விற்க முடிவு செய்து, எதை வைத்துக்கொள்ளலாம் என்று பாயைக் கேட்டேன். அரைமணி நேரம் டார்ச்சோடு அடியில் படுத்துக் கிடந்தார்.

"போர்ஷே புகையுது, கியரும் முரண்டு பண்ணுது. ஆனா பாடி கெட்டியா இருக்குது, அத வச்சிக்கிங்க. பென்ஸு பாக்க மாப்பிள்ள மாதிரி நிக்குது, ஃப்ளோர் பூரா அரிச்சிப்போச்சு. எந்தத் தண்ணில கழுவுறீங்க?"

"போர் தண்ணிதான், தினமும்" என்றேன். பென்ஸ்தான் என் செல்லம். போர்ஷேயை அபூர்வமாகத்தான் கழுவுவேன்.

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "உப்பளத்துப் போர் தண்ணியிலயா? பாசத்துலயே கொன்னுட்டீங்களே சார்!"

பென்ஸைப் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். ஃப்ளோரைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று பாயிடம் கெஞ்சினேன். "அவரு கேட்டா சொல்லிடுவேங்க" என்றார். டாக்டர் கேட்டார், பாய் சொல்லிவிட்டார். காருக்குள் கிடந்த மிதியடியைத் தூக்கி அழுத்திப் பார்க்கச் சொன்னார். டாக்டரின் விரல் தகட்டுக்குள் இறங்கியது.

எனக்குப் பற்றி எரிந்தது. அன்றே நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: பாய்க்குக் கண் மங்கிவிட்டது, நல்ல தகட்டைத் துரு என்கிறார். நீங்கள் நம்பினீர்கள். ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. வேலை நின்றது. கடைசி நான்கு வருடம் கிளியனூரில் ஒரு பங்க்சர் கடையில் உட்கார்ந்திருந்தார். நானோ பென்ஸின் அடியில் கறுப்புப் பூச்சு அடித்து வேறொருவர் தலையில் கட்டிவிட்டேன்.

ஒருநாள் அந்தக் கடையில் அவரைப் பார்த்தேன். "கண்ணு தெரியலன்னு சொன்னீங்களாமே?" என்று கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார்: "அத வுடுங்க. பென்ஸு வாங்கினவருகிட்டயாவது சொல்லிடுங்க சார். புள்ளைங்க ஒக்காருற வண்டி." சரி என்று தலையாட்டினேன். சொல்லவில்லை.

அவர் வைத்துக்கொள்ளச் சொன்ன போர்ஷே என்னிடம் இருக்கிறது. அவர் சொல்லச் சொன்னதும் என்னிடமே தங்கிவிட்டது. அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்றபடியே பென்ஸ் வாங்கியவரை அழைத்தேன். வண்டியின் ஃப்ளோர் அரித்துப்போயிருக்கிறது, யாரையும் ஏற்றாதீர்கள் என்றேன்.

"யாரு பாத்துச் சொன்னது?"

"மரக்காணம் காசிம் பாய்."

அவர் சிரித்துவிட்டார். "அவருக்குத்தான் கண்ணு தெரியாதாமே சார்!"